வியன்னாவிலிருந்து வாஹாவ்: திராட்சைப் பள்ளத்தாக்கில் ஒரு பகல்

வியன்னாவுக்கு மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், மெல்க் என்னும் ஊருக்கும் கிரெம்ஸ் என்னும் ஊருக்கும் நடுவே, டான்யூப் ஆறு மலைகளை அறுத்துக்கொண்டு ஓடும் சுமார் 35 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்குக்கு வாஹாவ் என்று பெயர். தெற்கு வெயிலைப் பார்த்த சரிவுகளில், சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள் தாங்கி நிற்கும் அடுக்கடுக்கான திராட்சைத் தோட்டங்கள், அவற்றின் காலடியில் கோயில் கோபுரமும் பத்து நிமிடத்தில் நடந்து முடிக்கக்கூடிய தெருக்களும் கொண்ட சிற்றூர்கள், குன்றின் உச்சியில் இடிந்த கோட்டைகள் என்று இந்தப் பகுதி முழுவதும் 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வேலைக்கோ மாநாட்டுக்கோ சுற்றுலாவுக்கோ வியன்னாவுக்கு வந்து, கையில் ஒரே ஒரு நாள் மீதம் வைத்திருப்பவர்கள், வாடகை வண்டியோ வழிகாட்டியோ இல்லாமல் தாங்களாகவே போய்த் திரும்புவதற்கான குறிப்புகள் இவை. மது அருந்தாதவர்களும் தயங்காமல் படிக்கலாம். அவர்களுக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பகல் போதாது.

முதலில் திசையைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நான் முதல் முறை போனபோது, கிரெம்ஸ்தான் பெரிய ஊர் என்பதால் அங்கே போய் இறங்கி, மெல்க்கை நோக்கிச் செல்லும் கப்பலில் சீட்டு எடுத்துவிட்டேன். ஆற்றை எதிர்த்துப் போகும் அந்தப் பயணம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடிக்கும் என்பது கப்பலில் அமர்ந்த பிறகுதான் தெரிந்தது. மெல்க் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. அங்குள்ள புகழ்பெற்ற கிறிஸ்தவத் துறவியர் மடத்தின் கதவு அடைபட்டிருந்தது. திராட்சைத் தோட்டத்தில் ஒரு கல்லைக்கூட மிதிக்காமல் வியன்னா திரும்பினேன். இதே தூரத்தை மெல்க்கிலிருந்து கிரெம்ஸுக்கு ஆற்றின் போக்கில் வந்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். டான்யூப் ஆஸ்திரியாவுக்குள் ஓடும் வழியெங்கும் மின்நிலைய அணைகள் வரிசையாக நிற்க, வாஹாவிலும் வியன்னாவுக்குக் கிழக்கிலும் மட்டுமே அது தடையின்றி ஓடுகிறது. வாஹாவிலும் அணை கட்டும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டு, அந்தப் பகுதி மக்கள் எதிர்த்ததால் கைவிடப்பட்டது. ஆகவே இங்கே ஆற்றின் வேகம் நிஜமான வேகம். அதை எதிர்த்து நேரத்தை வீணாக்காமல், காலையில் மெல்க், நண்பகலுக்குப் பிறகு கப்பல், பிற்பகலில் நடுவழி ஊர் ஒன்று, மாலையில் கிரெம்ஸ் வழியாக வியன்னா என்ற ஒழுங்கில் செல்லுங்கள்.

எந்த மாதத்தில் போவது

கப்பல்கள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் ஓடும் என்பதால் குளிர்காலத்தை முதல் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஏப்ரல் முற்பகுதியில், சில ஆண்டுகளில் மார்ச் இறுதியிலேயே, இங்கே மரில்லே என்று அழைக்கப்படும் ஆப்ரிகாட் மரங்கள் இலை விடுவதற்கு முன் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும். ஆனால் அந்தப் பூ ஒரு வாரம் பத்து நாள் நிலைத்தால் அதிகம். பனி விழுந்தால் அதுவும் இல்லை. அந்தப் பருவத்தில் திராட்சைக் கொடியோ கவாத்து செய்த கட்டையாக மட்டுமே தெரியும். ஜூலை, பழம் பறிக்கும் மாதம். வழியோரத்தில் கூடைகளில் வைத்து விற்கும் வாஹாவ் மரில்லேவை அந்த மாதத்தில் தின்றவர்கள், கடையில் வாங்கும் உலர்ந்த ஆப்ரிகாட்டை அதற்குப் பிறகு அதே மரியாதையோடு பார்ப்பதில்லை. அதே ஜூலையில் வெயில் முப்பது டிகிரியைத் தாண்டும் நாள்களும் உண்டு. கல்சுவர்கள் அந்தச் சூட்டை வாங்கிக் கக்கும்.

என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முற்பாதியும்தான் சரியான காலம். அறுவடை நடந்துகொண்டிருக்கும், இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும், சரிவு மிகச் செங்குத்தாக இருப்பதால் பெரும்பாலான அடுக்குகளில் இயந்திரம் ஏற முடியாமல் இன்றும் கையால் வெட்டிப் பெட்டிகளில் சுமந்து இறக்குவதை நேரில் பார்க்கலாம். இந்தப் பருவத்துக்கே உரிய பானம் ஒன்று உண்டு. பிழிந்த திராட்சைச் சாறு ஒயினாக மாறிக்கொண்டிருக்கும் நடுவேளையில், கலங்கலும் இனிப்பும் நுரையுமாக அதை எடுத்து ‘ஷ்டூர்ம்’ என்ற பெயரில் விற்பார்கள். பதநீர் கள்ளாகிக்கொண்டிருக்கும் நிலையை அறிந்தவர்களுக்கு அதன் இயல்பை விளக்க வேண்டியதில்லை. இன்னும் நொதித்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பாட்டிலை இறுக மூட மாட்டார்கள். அதைத் தோள்பையில் படுக்க வைத்துத் தூக்கிச் சென்றால் என்ன நேரும் என்பதை என் பழைய பை ஒன்று இன்றும் மணத்தோடு சொல்லும். அங்கேயே குடித்துவிடுங்கள், அல்லது வாங்காதீர்கள்.

வார நாளில் போக முடியுமானால் அப்படியே செய்யுங்கள். அறுவடைக் காலச் சனிக்கிழமைகளில் வியன்னாவே இடம்பெயர்ந்து வந்ததுபோல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போவதானால் தண்ணீரும் நொறுக்குத் தீனியும் முந்தைய நாளே வாங்கி வையுங்கள். ஆஸ்திரியாவில் அன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும்.

முந்தைய நாள் மாலையில் செய்ய வேண்டியவை

கப்பல் நேரங்களை அந்த நிறுவனங்களின் தளத்தில் பார்த்துக் குறித்துக்கொள்வதே முதல் வேலை, ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் அமைக்க வேண்டும். இந்த வழித்தடத்தில் முக்கியமாக இரண்டு நிறுவனங்கள் கப்பல் விடுகின்றன: டிடிஎஸ்ஜி புளூ டான்யூப், பிராண்ட்னர். ஒரு நாளைக்குச் சில பயணங்களே உண்டு. பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அவை இன்னும் குறையும். ஒரு நிறுவனத்தின் சீட்டை மற்றொன்றின் கப்பலில் காட்ட முடியாது என்பதையும், நடுவழியில் இறங்க நினைத்தால் அந்த ஊர்வரைக்கு மட்டும் சீட்டு எடுத்தால் போதும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரயிலுக்கு ஆஸ்திரிய ரயில்வேயான ஓபிபியின் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்வது எளிது. வியன்னாவிலிருந்து மெல்க் வரை ரயில், மடத்துக்கு நுழைவுச்சீட்டு, கப்பல், கிரெம்ஸிலிருந்து திரும்பும் ரயில் ஆகிய நான்கையும் ஒன்றாகச் சேர்த்த கூட்டுச்சீட்டைக் கப்பல் ஓடும் பருவத்தில் ஓபிபி விற்பதுண்டு. எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு அது லாபம். ஆனால் மடத்துக்குள் போக விருப்பமில்லாதவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கட்டும். இரண்டு முதல் ஐந்து பேர் வரை சேர்ந்து போனால் ‘ஐன்ஃபாஹ் ரவுஸ்’ என்ற குழுச்சீட்டு நல்ல சேமிப்பு தரும். அது வட்டார ரயில்களில் மட்டுமே செல்லும், அதிவேக ரயில்களில் செல்லாது, வார நாள்களில் காலை ஒன்பது மணிக்கு முன் பயன்படாது. குடும்பத்தோடு வார இறுதியில் போகிறவர்களுக்கு இந்த ஒன்பது மணித் தடை இல்லை.

நல்ல பிடிப்புள்ள காலணி, மேலே போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை, ஒரு தண்ணீர் பாட்டில், கொஞ்சம் ரொக்க யூரோ ஆகியவற்றை எடுத்து வையுங்கள். கம்பளிச் சட்டை ஏன் என்றால், பகலில் கிழக்கிலிருந்து ஹங்கேரிச் சமவெளியின் வெப்பக் காற்று பள்ளத்தாக்குக்குள் ஏறும். பொழுது சாய்ந்ததும் வடக்கே இருக்கும் காட்டு மேட்டு நிலத்திலிருந்து குளிர்ந்த காற்று பக்கவாட்டுக் கணவாய்கள் வழியாக இறங்கும். திராட்சைக்கு மணமும் புளிப்பும் கூடுவது இந்தப் பகல் இரவு வேறுபாட்டால்தான் என்பார்கள். கொடிக்கு நல்லதான அந்த வேறுபாடு, பருத்திச் சட்டையோடு கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு அவ்வளவு நல்லதல்ல. ரொக்கம் ஏன் என்பதை உணவைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

காலையில் மெல்க்

வியன்னாவின் வெஸ்ட்பான்ஹோஃப் நிலையத்திலிருந்து மெல்க்குக்கு வட்டார ரயில் செல்கிறது. தலைமை நிலையமான ஹவுப்ட்பான்ஹோஃபில் ஏறினால் சாங்க்ட் போல்டனில் மாற வேண்டியிருக்கும். எந்த வழியில் போனாலும் ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ ஆகும். காலை எட்டு மணிவாக்கில் புறப்பட்டால் ஒன்பதரை மணிக்குள் மெல்க்கில் நிற்கலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே எதிரே மஞ்சள் நிறத்தில் மடம் தெரியும். வழி கேட்கத் தேவையில்லை. பத்துப் பதினைந்து நிமிட நடை, கடைசிப் பகுதி ஏற்றம்.

1089ஆம் ஆண்டு முதல் பெனடிக்ட் சபைத் துறவிகள் வாழ்ந்துவரும் இடம் இது. இப்போது நாம் பார்க்கும் பரோக் பாணிக் கட்டடம் யாகோப் பிராண்ட்டவர் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1702இல் தொடங்கி 1736இல் முடிக்கப்பட்டது. 196 மீட்டர் நீளமுள்ள பேரரசர் நடைகூடம், பவுல் டிரோகர் தீட்டிய விதான ஓவியங்களைக் கொண்ட பளிங்கு மண்டபம், ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்கள் உள்ள நூலகம், பொன் பூசிய ஆலயம் என்று உள்ளே போனால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. அருங்காட்சியக அறைகளில் வேகமாக நடந்து, நூலகத்துக்கும் ஆலயத்துக்கும் நேரத்தை ஒதுக்குங்கள். பளிங்கு மண்டபத்துக்கும் நூலகத்துக்கும் நடுவே வெளியே திறக்கும் மாடத்தில் கட்டாயம் நில்லுங்கள். நீங்கள் அடுத்துப் போகவிருக்கும் ஆறு கீழே விரிந்து கிடக்கும்.

திராட்சைத் தோட்டங்களே தன் நோக்கம் என்பவர் மடத்தின் உட்பகுதியை விட்டுவிட்டு, முற்பகல் கப்பலிலேயே ஏறிவிடலாம் என்பது என் துணிபு. மெல்க்கில் திராட்சைச் சரிவுகள் இல்லை. ஒரே நாளில் மடம், இரண்டு கோட்டைகள், மூன்று ஊர்கள், ஒயின் சுவைப்பு என்று பட்டியல் போட்டு வருகிறவர்கள் நாள் முழுவதும் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கப்பலில்

மடத்திலிருந்து படகுத்துறைக்குப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். கூட்டம் இருக்கும் நாளில் புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மேல்தளத்தில் இடப்பக்கம் பார்த்து உட்காருங்கள். கப்பல் ஆற்றின் போக்கில் செல்லும்போது இடப்பக்கம்தான் வடகரை; தோட்டங்களும் முக்கிய ஊர்களும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் முதல் அரை மணி நேரத்துக்கு மட்டும் எழுந்து வலப்பக்கம் நின்றால், நீர் விளிம்பிலேயே பாறைமேல் நிற்கும் ஷோன்பியூல் கோட்டையையும், அதற்குச் சற்றுத் தள்ளி ஆற்றுக்கு ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் அக்ஷ்டைன் இடிகோட்டையையும் நன்றாகப் பார்க்கலாம். அக்ஷ்டைனில் இருந்த கொள்ளைக்காரப் பிரபு ஒருவன், பிடித்து வந்தவர்களைச் செங்குத்தான பாறை விளிம்பு ஒன்றில் நிறுத்தி, பட்டினியால் சாவதா கீழே குதித்துச் சாவதா என்று அவர்களையே முடிவு செய்ய விட்டான் என்றும், அந்த விளிம்புக்கு ‘ரோஜாத் தோட்டம்’ என்று செல்லப்பெயர் வைத்திருந்தான் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

இடக்கரையில் வரும் வில்லன்டார்ஃப் என்னும் சிற்றூரைப் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். 1908இல் இங்கே ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நடந்த அகழாய்வில்தான், ‘வில்லன்டார்ஃப் வீனஸ்’ என்று புகழ்பெற்ற, 11 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் உருவச் சிலை கிடைத்தது. ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சிலை இன்று வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே இதற்காக இங்கே இறங்க வேண்டாம், மறுநாள் அங்கே பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் பள்ளத்தாக்கு தன் முகத்தைக் காட்டும். ஷ்பிட்ஸ் என்ற ஊரின் நடுவிலேயே, தலைமுதல் கால்வரை அடுக்கு வெட்டிய ஒரு குன்று நிற்கும். நல்ல விளைச்சலான ஆண்டில் ஆயிரம் வாளி ஒயின் தரும் என்பதால் ‘ஆயிரம் வாளிக் குன்று’ என்றே அதற்குப் பெயர். கம்பம் பகுதியில் பந்தல் போட்டு, தலைக்கு மேலே குலை தொங்க வளர்க்கும் முறையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இங்கே கம்பிகளில் கட்டி இடுப்பளவும் மார்பளவுமாக வேலிபோல் வரிசை வரிசையாக நிறுத்தியிருப்பது புதிதாக இருக்கும். நம் வெயிலில் பழத்துக்கு நிழல் வேண்டும். இங்கே கிடைக்கிற ஒவ்வொரு கீற்று வெயிலும் பழத்தின்மேல் விழ வேண்டும்.

எங்கே இறங்குவது

நடுவழியில் ஓர் ஊரில் மட்டும் இறங்குங்கள். முதல் முறை வருகிறவர்களுக்கு அது டியூர்ன்ஷ்டைனாக இருப்பதே வசதி; மெல்க்கிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டிய பயணம். நீலமும் வெள்ளையுமான ஆலயக் கோபுரம் தண்ணீரில் நிழலாடுவதைப் பார்த்ததும் இறங்கத் தயாராகிவிடலாம். நண்பகலில் உல்லாசக் கப்பல்களில் வரும் கூட்டம் இந்த ஊரின் ஒற்றைத் தெருவை நிறைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நாம் வகுத்த ஒழுங்கின்படி பிற்பகல் மூன்று மணிவாக்கில் இறங்கும்போது அந்தக் கூட்டம் திரும்பத் தொடங்கியிருக்கும்.

இறங்கியதும் தெருக் கடைகளில் நிற்காமல், கால் சோர்வடையும் முன்பே கோட்டைக்கு ஏறிவிடுங்கள். ஊரின் பழைய மதிலை ஒட்டிப் பாதை தொடங்கும். இருபது முதல் முப்பது நிமிடச் செங்குத்து ஏற்றம், பல இடங்களில் கரடுமுரடான கற்படிகள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களையும் கைக்குழந்தை வண்டியையும் அழைத்துப் போகக்கூடிய வழி இதுவல்ல. அவர்கள் கீழே ஆற்றங்கரை நடைபாதையில் நடக்கலாம். மேலே இருப்பது இடிபாடுதான், நுழைவுக் கட்டணமும் கிடையாது. ஆனால் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட், ‘சிங்க நெஞ்சர்’ என்று அறியப்பட்டவர், சிறை வைக்கப்பட்ட கோட்டை இது. மூன்றாம் சிலுவைப் போரில், ஆக்கர் நகரம் வீழ்ந்தபோது, ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லியோபோல்டின் கொடியை ரிச்சர்டின் ஆட்கள் பிடுங்கி எறிந்தார்கள். நாடு திரும்பும் வழியில் மாறுவேடத்தில் வந்த ரிச்சர்ட், 1192 டிசம்பரில் வியன்னா அருகே லியோபோல்டின் ஆட்களிடம் அகப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்டார். அடுத்த ஆண்டு பேரரசர் ஆறாம் ஹைன்ரிஹிடம் ஒப்படைக்கப்பட்டு, பெரும் மீட்புத்தொகை கைமாறிய பிறகு 1194 பிப்ரவரியில்தான் விடுதலையானார். பாணன் ஒருவன் கோட்டை கோட்டையாகப் பாடிக்கொண்டே அலைந்து, மன்னரின் பதில் பாட்டைக் கேட்டு அவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தான் என்பது பிற்காலக் கற்பனை. ஊரில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். கோட்டையை 1645இல் சுவீடன் படையினர் தகர்த்துவிட்டுப் போனார்கள்.

கூட்டமே வேண்டாம், கொடிகளுக்கு நடுவே நடந்தால் போதும் என்பவர்கள் ஷ்பிட்ஸில் இறங்குங்கள். அங்கிருந்து ஆற்றின் போக்கில், மதில் சூழ்ந்த ஆலயம் உள்ள வைசன்கிர்ஹன் வரை, தோட்டங்களை ஊடுருவிச் செல்லும் தட்டையான பாதையில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் நடந்து, அங்கே பேருந்து பிடிக்கலாம். ஷ்பிட்ஸிலும் வைசன்கிர்ஹனிலும் ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியைப் பற்றிக்கொண்டு, நீரோட்டத்தின் விசையாலேயே அக்கரை சேரும் பரிசல்துறைப் படகுகள் ஓடுகின்றன; குழந்தைகள் உடன் வந்தால் மடத்தைவிட இதுவே அவர்கள் நினைவில் நிற்கும். எந்தப் பாதையில் நடந்தாலும் கொடியிலிருந்து ஒரு பழத்தைக்கூடப் பறிக்காதீர்கள், கற்சுவர்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். சாந்து இல்லாத சுவர். ஒரு கல் நழுவினால் அதைத் திரும்ப அடுக்குவதற்கு ஒருவர் ஒரு நாள் மெனக்கெட வேண்டும்.

ஒயின் சுவைக்க விரும்புகிறவர்களுக்கு

இங்கே விளைவது பெரும்பாலும் வெள்ளை ஒயின். இரண்டு பெயர்களை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். மிளகின் சாயல் கொண்ட க்ரூனர் ஃபெல்ட்லீனர் பெரும்பாலும் கீழே வண்டல்போன்ற மென்மண் படிந்த அடுக்குகளிலும், புளிப்பும் பழ மணமும் தூக்கலான ரீஸ்லிங் மேலே மண் குறைந்த பாறைச் சரிவுகளிலும் வளர்கின்றன. பாட்டிலில் இன்னும் மூன்று சொற்களைக் காண்பீர்கள். 1983இல் அமைந்த வினேயா வாஹாவ் என்ற விளைவிப்பாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு வகுத்த தரப்பெயர்கள் அவை: 11.5 விழுக்காட்டுக்கு மேல் மதுச்சத்து இல்லாதது ஷ்டைன்ஃபேடர், 11.5 முதல் 12.5 வரை ஃபேடர்ஷ்பீல், அதற்கு மேல் ஸ்மராக்ட். முதலாவது இந்தச் சரிவுகளில் முளைக்கும் ஒருவகை இறகுப்புல்லின் பெயர். இரண்டாவது வல்லூறு வேட்டையிலிருந்து வந்தது. மூன்றாவது, கற்சுவரில் வெயில் காயும் மரகதப் பச்சை ஓணானின் பெயர். புதியவர்கள் இந்த வரிசையிலேயே, மென்மையானதிலிருந்து அழுத்தமானதை நோக்கிச் சுவைக்க வேண்டும். ஸ்மராக்டில் தொடங்கினால் மற்றவை வெறும் தண்ணீராகத் தெரியும்.

டியூர்ன்ஷ்டைனிலேயே இதற்கு எளிய இடம், ஊருக்குக் கிழக்கே நடந்து போகும் தொலைவில் உள்ள டொமேனே வாஹாவ் கூட்டுறவின் விற்பனைக் கூடம். வாஹாவின் திராட்சை நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தக் கூட்டுறவின் உறுப்பினர்களுடையது. சுவைத்துப் பார்க்கவென்று சிறிதளவு ஊற்றித் தருவார்கள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அங்குள்ள பாத்திரத்தில் உமிழ்வது அநாகரிகமல்ல. தொழில் தெரிந்தவர்கள் அனைவரும் அப்படித்தான் செய்வார்கள். மாலையில் வண்டி ஓட்ட வேண்டியவர் இருந்தால், ஆஸ்திரியாவில் சாதாரண ஓட்டுநருக்கு இரத்தத்தில் அனுமதிக்கப்படும் மது ஆயிரத்துக்கு 0.5க்குக் கீழ் என்பதையும், வாடகை மிதிவண்டிக்கும் ஆயிரத்துக்கு 0.8 என்ற வரம்பு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. ரயிலில் வரச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாப்பாடு

இந்தப் பள்ளத்தாக்கின் உண்மையான விருந்தோம்பல் உணவகங்களில் இல்லை, ஹொய்ரிகர் என்றும் புஷன்ஷாங்க் என்றும் அழைக்கப்படும் விவசாயி வீட்டு முற்றங்களில் இருக்கிறது. தாம் விளைவித்ததைத் தம் வீட்டிலேயே விற்கலாம் என்று பேரரசர் இரண்டாம் யோசஃப் 1784இல் பிறப்பித்த ஆணையிலிருந்து வருகிற வழக்கம் இது. ஆண்டு முழுவதும் திறந்திருக்க மாட்டார்கள். குடும்பங்கள் முறைவைத்துச் சில வாரங்கள் திறந்து மூடும். வாசலில் பச்சைக் கிளைக் கொத்து தொங்கினால் திறந்திருக்கிறது என்று பொருள். அன்று யார் வீட்டில் திறந்திருக்கிறது என்பதை ஒவ்வோர் ஊரிலும் ஒட்டியிருக்கும் நாள்காட்டியில் பார்க்கலாம். உள்ளே நுழையும்போது ‘குரூஸ் காட்’ என்று வணக்கம் சொல்லிவிட்டு, காலியான மேசையில் அமருங்கள். மேசை நிறைந்திருந்தால் கேட்டுவிட்டு மற்றவரோடு பகிர்ந்து அமர்வதும் வழக்கம்தான். ஒயினை எட்டில் ஒரு லிட்டர் அளவில், ‘ஆஹ்டெல்’ என்று கேட்க வேண்டும். சோடா கலந்து கேட்டால் ‘க்ஷ்ப்ரிட்ஸ்டர்’. மது வேண்டாதவர்கள் ‘டிரவுபன்ஸாஃப்ட்’ என்று சொன்னால் அதே தோட்டத்துத் திராட்சைச் சாறு வரும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இத்தகைய பல வீடுகளில் அட்டை செல்லாது என்பதால்தான் ரொக்கம் கொண்டுவரச் சொன்னேன்.

சைவ உணவுக்காரர்கள் கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டும். வெண்ணெய் தடவிய ரொட்டிபோலத் தோன்றி, மேலே வெங்காயம் தூவி வரும் ‘ஷ்மால்ஸ்ப்ரோட்’ பன்றிக் கொழுப்பு தடவியது. தெளிந்த சூப்புகள் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில் செய்தவை. மிளகாய்த்தூள் கலந்த பாலாடைப் பூச்சான ‘லிப்டவர்’, பாலாடைக்கட்டித் தட்டு, டியூர்ன்ஷ்டைனுக்கே உரிய ‘வாஹவர் லாபர்ல்’ என்ற உருண்டை ரொட்டி ஆகியவற்றைத் தயக்கமின்றிக் கேட்கலாம். முழு மரில்லேப் பழத்தை மாவுக்குள் பொதித்து வேகவைத்து, வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தரும் ‘மரில்லன்க்னோடல்’ கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அது புஷன்ஷாங்கில் அரிது, ஊருக்குள் இருக்கும் உணவகத்தில்தான் கிடைக்கும்.

திரும்பும் வழி

டியூர்ன்ஷ்டைனிலிருந்து கிரெம்ஸுக்கு ஏழு கிலோமீட்டர்தான். மாலையில் கப்பல் இருக்காது என்று வைத்துக்கொண்டு, மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடையே வடகரைச் சாலையில் ஓடும் 715 என்ற எண்ணுள்ள பேருந்தை நம்புங்கள். இருபது நிமிடத்தில் கிரெம்ஸ் ரயில் நிலையத்தில் இறக்கிவிடும். ரயில் குழுச்சீட்டு இந்தப் பேருந்தில் செல்லாது. இந்தப் பேருந்து இரவில் வெகுநேரம் ஓடுவதில்லை, வார இறுதிகளில் நேரங்கள் மாறும். ஆகவே ஹொய்ரிகரில் இரண்டாவது கோப்பை கேட்பதற்கு முன்பே கடைசிப் பேருந்து எப்போது என்று நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரெம்ஸில் நேரம் மிஞ்சினால் பழைய நகரத்துக்குள் ஷ்டைனர் டோர் என்ற கோட்டை வாசல்வரை நடந்துவிட்டு வரலாம். நிலையத்திலிருந்து பத்து நிமிடம்.

கிரெம்ஸிலிருந்து வியன்னாவுக்கு ரயில், காலையில் ஏறிய நிலையத்துக்குப் போகாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. துல்ன் வழியாக வரும் அது, ஒரு மணி பத்து நிமிடத்தை ஒட்டிய நேரத்தில், ஃபிரான்ஸ் யோசஃப்ஸ் பான்ஹோஃபில் போய் நிற்கும். நகரின் நடுவே தங்கியிருப்பவர்கள் கடைசிவரை போகாமல், அதற்கு முன் வரும் ஹைலிகன்ஷ்டாட்டிலோ ஷ்பிட்டலவிலோ இறங்கி, யு4 சுரங்க ரயிலுக்கு மாறிக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். வாங்கிய பாட்டில்களை இந்தியாவுக்கு எடுத்துப்போக நினைப்பவர்கள், ஒரு பயணிக்குத் தீர்வையின்றி அனுமதிக்கப்படும் மது இரண்டு லிட்டர் மட்டுமே என்பதைக் கணக்கில் கொண்டு, முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றை நடுவில் துணி சுற்றிச் சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். மரில்லே ஜாமும் அதே பெட்டிக்குத்தான் போக வேண்டும். கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் அதையும் திரவமாகவே கணக்கிட்டு எடுத்துக்கொள்வார்கள்.